மஞ்சள் தாள்

கூடைப்பந்து ஆட்டத்தின் குறிப்புத் தாள் நான்கு அடுக்காக வரும். மேலே வெள்ளை, அதன் கீழே நீலம், அடுத்து இளஞ்சிவப்பு, கடைசியில் மஞ்சள். வெள்ளையும் நீலமும் போட்டியை நடத்துகிறவர்களுக்குப் போகும். இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு. மஞ்சள் தோற்ற அணிக்கு. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது.

கிளாஸ்கோவில் என் மகள் ஆடும் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணிக்காக, வாரக் கடைசிகளில் மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதுவது என் வேலை. ஆட்டத்தின் முதல் கால்பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்புப் பேனா, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நீலம். களத்திலிருந்து பந்து கூடைக்குள் விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் எறி என்றால், கெட்டியான ஒரு பொட்டு. மூன்று புள்ளி எறி என்றால், எறிந்தவரின் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எல்லாம் முடிந்து நடுவர் கையெழுத்துப் போட்டதும் தாள்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் தடவை மஞ்சள் தாளை உருவித் தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் நீட்டியபோது எனக்குக் கை கூசியது. நம் ஊரில் ஒருவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் திவாலாகிவிட்டான் என்று பொருள். அந்த மனிதருக்கு அதெல்லாம் தெரியாது. வாங்கி, நான்காக மடித்து, பந்துப் பையின் பக்கவாட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த மாதம் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்ற கோடையில் திருச்சியிலிருந்து வந்த என் பள்ளித் தோழன் ஒருவன், நான் வருடக்கணக்காகப் பின்தொடரும் கிளாஸ்கோ அணியைப் பற்றிக் கேட்டான். எத்தனை கோப்பை வென்றிருக்கிறார்கள் என்றான். இரண்டு பெரிய கோப்பை, 2003-ல் ஒன்று, 2023-ல் ஒன்று என்றேன். "கால் நூற்றாண்டில் இரண்டா?" என்று கேட்டுவிட்டு, மனம் நோகக் கூடாது என்று பேச்சை மாற்றினான். அன்றிரவு அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த அணிக்கு நான் கிளாஸ்கோ வந்த நாளில் ஒரு பெயர், இன்று வேறொரு பெயர். 1998-ல் எடின்பரோ ராக்ஸ் என்று தொடங்கியது. 2002-ல் ஸ்காட்டிஷ் ராக்ஸ். 2009-ல் கிளாஸ்கோ ராக்ஸ். 2022 முதல் கேலடோனியா கிளாடியேட்டர்ஸ். பெயர் மாறிய கதையை வீடு மாறிய கதை என்றே சொல்ல வேண்டும். வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வீட்டுச் சொந்தக்காரர் சொன்னதும் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிற குடும்பம் இல்லையா, அப்படித்தான் இந்தக் கிளப்பும் இருந்தது.

முதல் வீடு எடின்பரோவின் மெடோபேங்க். 1970-லும் 1986-லும் காமன்வெல்த் போட்டிகள் நடந்த மைதானம் அது. அங்கேயிருந்து நான்கு ஆண்டுகளில் கிளம்பி மேற்கே வந்தார்கள். இரண்டாவது வீடு கிளைட் நதிக்கரையில், ரென்ஃப்ரூவை ஒட்டிய பிரேஹெட் வணிக வளாகத்தின் அரங்கம். எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு உள்ள அபிப்பிராயத்தை அறிந்தவர்களுக்கு, அது சாதாரண இடமாற்றம் இல்லை என்று தெரியும். எடின்பரோவில் நான்கு வருடம் கத்திக் கத்தி ஆதரித்தவர்கள் திடீரென்று அணி இல்லாதவர்களாக ஆனார்கள். புதிய ஊரிலோ ஆதரிக்க ஆளே இல்லை. ரேஞ்சர்ஸ், செல்டிக் என்ற இரண்டு கால்பந்துக் கிளப்புகள் ஊரின் மூச்சுக்காற்றையே பங்குபோட்டுக்கொண்ட இடத்தில், ஆரஞ்சு நிறப் பந்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்தப் புது வீட்டின் முதல் பருவத்திலேயே, 2003 வசந்தத்தில், கெவின் வால் பயிற்சியில் பிரைட்டன் பேர்ஸ் அணியை இறுதி ஆட்டத்தில் வென்று பி.பி.எல். என்ற பிரிட்டிஷ் கூடைப்பந்து லீக்கில், பருவக் கடைசியில் நடக்கும் பிளே ஆஃப் பட்டத்தைத் தூக்கினார்கள். எனக்கு அது செவிவழிச் செய்திதான். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்து என்றால் வரைபடத்தில் எங்கே என்றுகூடச் சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் ராக்ஸுக்கு முன்பே இங்கே ஒரு பொற்காலம் வந்து போயிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். டேவிட் மரே என்ற உலோக வணிகர் 1974-ல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1976-ல் ஒரு கார் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். அவருடைய பணத்தில், மரே இன்டர்நேஷனல் மெட்டல்ஸ் என்ற நிறுவனப் பெயரையே அணிப்பெயராகச் சுமந்துகொண்டு ஒரு கூடைப்பந்து அணி எண்பதுகளில் ஸ்காட்லாந்தை ஆண்டது. பிறகு லிவிங்ஸ்டன் என்ற பெயரில் இங்கிலாந்து அணிகளோடு மோதி, 1988-ல் பிளே ஆஃப் பட்டத்தையும் வென்றது. அந்த நவம்பரில் மரே ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கிளப்பை வாங்கினார். லண்டன் புறநகரில் இருந்த கிங்ஸ்டன் அணி அப்படியே கிளாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு, ரேஞ்சர்ஸ் என்ற பெயரில் ஆடியது. 1989 பிளே ஆஃப் இறுதி ஆட்டத்தில் மோதியவை எவை தெரியுமா? ரேஞ்சர்ஸும் லிவிங்ஸ்டனும். பிரிட்டனின் மிகப் பெரிய ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்காட்லாந்து. ரேஞ்சர்ஸ் வென்றது.

அடுத்த பருவத்தில் அந்த அணி கிங்ஸ்டனுக்கே திரும்பிப் போய்விட்டது. ஒரே வருடம். கூடாரம் போட்டு, வேடிக்கை காட்டி, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன மாதிரி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு பணக்காரரின் விருப்பத்தில் எழுந்தது அவர் விருப்பம் வேறு பக்கம் திரும்பியதும் சாய்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மறுவருடம் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்? பட்டங்களின் பட்டியலில் 1988, 1989 என்று இரண்டு வரி மின்னுகிறது. ராக்ஸின் நீண்ட, மெலிந்த பட்டியலை நான் அதைவிட உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். இவர்கள் வீடு மாறினாலும் ஸ்காட்லாந்தை விட்டு எங்கேயும் ஓடிப்போகவில்லை.

நான் 2009 செப்டம்பரில் முதுகலை படிக்க வந்தேன். அதே வருடம்தான் அணி கிளாஸ்கோ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு மூன்றாவது வீட்டுக்கும் குடிவந்திருந்தது: கெல்வின் ஹால். 1927-ல் கண்காட்சிகளுக்காகக் கட்டிய பிரம்மாண்டமான செம்மணற்கல் கட்டடம். எதிரே கெல்வின்குரோவ் அருங்காட்சியகம். அப்போது அதே கூரையின் கீழ் ஒரு பக்கம் பழைய டிராம்களும் ரயில் எஞ்சின்களும் நிற்கும் போக்குவரத்து அருங்காட்சியகம், மறுபக்கம் விளையாட்டு அரங்கம். வட்டமாகச் சுற்றும் அந்தச் சிறிய பாதாள ரயிலில் வந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே ஒரு வெள்ளிக்கிழமை மாலை உள்ளே போனேன். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். பள்ளியில் சிமென்ட் தரையில், வெறுங்காலோடுகூட ஆடிய ஆட்டம் இது, ஊரில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்து வேரூன்றியது. இங்கே மரத்தரையில் காலணிகள் கீச்சிடும் சத்தம் கேட்டதும் தொண்டை அடைத்தது.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுபதைத் தாண்டிய முதியவர். கிளைட் கரையில் கப்பல் கட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எடின்பரோ காலத்திலிருந்தே இந்த அணியைப் பார்க்கிறாராம். கிளாஸ்கோக்காரர் எதற்காக எடின்பரோ போனார் என்று கேட்டேன். "ஆட்டம் அங்கே இருந்தது, தம்பி, போனேன்" என்றார். அவர் சொன்ன சொல்லைத் தமிழில் தம்பி என்று தவிர வேறெப்படியும் எனக்கு எழுத வரவில்லை. மடியில் ஒரு பிளாஸ்க் தேநீர் வைத்திருப்பார். மூன்றாவது ஆட்டத்திலிருந்து எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவரத் தொடங்கினார்.

அந்தக் காலத்து அணி என் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டெர்லிங் டேவிஸ் என்ற அமெரிக்கர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்தார். பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்; சரிப்படவில்லை என்றால் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே உள்ளே இறங்குவார். இ.ஜே. ஹாரிசன் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது அரங்கமே முன்னால் குனியும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடியவர்கள் இப்படிச் சிறிய சம்பளத்துக்கு, மழை பெய்யும் ஊருக்கு வந்து, ஒரு வருடம் இருந்துவிட்டுப் போவது இந்த லீக்கில் வழக்கம். இவர்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருந்தார்கள்.

என் முதல் பருவம் 2010 பிளே ஆஃப் இறுதி ஆட்டம் வரை போனது. லிவர்பூல் பக்கத்து எவர்டன் டைகர்ஸிடம் தோற்றோம். பக்கத்து இருக்கைக்காரர் அதற்கு மூன்று வருடம் முன்பே கோப்பை இறுதியில் கில்ஃபோர்டிடம் தோற்றதைப் பார்த்தவர். பிறகு நானே வரிசையாகப் பார்த்தேன்: 2015 கோப்பை இறுதி, நியூகாசிலிடம் தோல்வி. 2017 கோப்பை இறுதி, மறுபடி நியூகாசில். 2019, லண்டன் லயன்ஸ். எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் தாள். ஆனால் இறுதி ஆட்டம் வரை வராமல் இறுதி ஆட்டத்தில் தோற்க முடியாது. அந்த லீக்கில் நியூகாசில் போன்ற அணிகளுக்கு எதிராக அத்தனை தடவை கடைசி நாள்வரை நின்றதை என் திருச்சித் தோழனுக்கு எந்தப் பட்டியலும் காட்டாது.

2012 இலையுதிர்காலத்தில் நான்காவது வீடு. 2014 காமன்வெல்த் போட்டிகளுக்காக டால்மார்னக்கில், செல்டிக் பார்க்குக்கு நேர் எதிரே கட்டிய எமிரேட்ஸ் அரீனா. பளபளப்பான கட்டடம், பக்கத்திலேயே கிறிஸ் ஹோய் பெயரிலான சைக்கிள் பந்தய அரங்கம். இருக்கைகள் வசதியாக இருந்தன. என்றாலும் அது பல விளையாட்டுகளுக்குமான இடம். நாங்கள் அங்கேயும் குடித்தனக்காரர்கள்தான். முதியவர் ஒரு வருடம் வந்தார். கிழக்குப் பக்கம் இரண்டு பஸ் மாறி வர முடியவில்லை என்று பிறகு நின்றுவிட்டார். அரங்கம் மாறும்போது அப்படிச் சிலர் ஒவ்வொரு தடவையும் பின்தங்கிவிடுகிறார்கள்.

இந்த மண்ணிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வரவில்லையா என்றால், வந்தார்கள். பெய்ஸ்லியில் பிறந்து டன்ஃபெர்ம்லினில் வளர்ந்த ராபர்ட் ஆர்ச்சிபால்ட் ஏழடிக்கு ஓரங்குலம் குறைவு. தந்தையும் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். இல்லினாய் பல்கலைக்கழகம் போய், 2002-ல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்குத் தேர்வாகி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஸ்காட்லாந்துக்காரர் ஆனார். மெம்ஃபிஸ், ஃபீனிக்ஸ், ஒர்லாண்டோ, டொரோன்டோ என்று இரண்டே பருவத்தில் நான்கு சட்டை. அப்புறம் ஸ்பெயினில் நெடுங்காலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடினார். 2020 ஜனவரியில், நாற்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார். செய்தியைப் படித்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒருமுறைகூட நேரில் பார்க்காத மனிதருக்காக எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது.

அதே ஒலிம்பிக் அணியில் இருந்த இன்னொருவர் கீரன் அச்சாரா. ஸ்டெர்லிங் நகரத்துப் பிள்ளை. அமெரிக்காவில் டுக்கேன் பல்கலைக்கழகம், பிறகு ஐரோப்பா, பிறகு வீடு திரும்பி ராக்ஸ். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஸ்காட்லாந்து அணிக்கு அவர் தலைவர். ராக்ஸிலும் ஃபால்கிர்க் ஃபியூரி போன்ற உள்ளூர் கிளப்புகளிலும் உருவானவர்கள் அந்த அணியில் நிறைந்திருந்தார்கள். அவர்கள் இருந்த பிரிவிலேயே இங்கிலாந்தும் இருந்தது, இந்தியாவும் இருந்தது. இந்தியாவோடு ஆடிய அன்று நான் யார் பக்கம் என்று மனைவி கேட்டாள். இந்தியச் சட்டையைக் கண்டதும் மனம் அங்கே போனது உண்மை. ஆனால் எதிர்ப்பக்கம் இருந்தவர்களின் ஓட்டத்தை, அவர்கள் எப்போது மூச்சு வாங்குவார்கள் என்பதைக்கூட நான் அறிவேன். ஸ்காட்லாந்து வென்றது. இங்கிலாந்தையும் வென்றது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடமும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நியூசிலாந்திடமும் தோற்று நான்காவது இடம். பதக்கம் இல்லை. அந்த நான்காவது இடத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே கூடைப்பந்துக்காரர்கள் குரலில் ஏறும் பெருமையைக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்காட்லாந்து வழிக் குடும்பத்துப் பிள்ளை. கனடாவில் பிறந்தவர். சிறு வயதில் பெரிய பாறைமேல் ஒரு கல்லை வைத்துத் தூரத்திலிருந்து கல்லெறிந்து தள்ளுகிற விளையாட்டு ஆடியிருக்கிறார். வேகமாக எறிவதைவிட வளைவாக மேலே தூக்கி எறிந்தால் குறி தப்பாது என்று அதில்தான் கண்டார். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடைகளை மாட்டியபோது அந்த வளைவுதான் அவர் மனதில் இருந்தது. ராக்ஸ் என்ற பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறை நினைவுக்கு வரும். பெயரைக் கைவிட்டபோது அதனால்தான் கொஞ்சம் வலித்தது.

2022-ல் ஸ்டீவ் டிமோனி, ஆலிசன் டிமோனி தம்பதி கிளப்பை வாங்கிக் கேலடோனியா கிளாடியேட்டர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2016-ல் எடின்பரோவில் கேலடோனியா பிரைட் என்று தொடங்கிய பெண்கள் அணியும் அதே பெயருக்குள் வந்தது. என் மகளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மறு வருடமே, நெடுங்காலம் ராக்ஸ் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரான காரெத் மரேயின் கீழ், செஷயர் ஃபீனிக்ஸை இறுதியில் வென்று பி.பி.எல். டிராஃபியைத் தூக்கினார்கள். இருபது வருடம் கழித்து ஓர் இளஞ்சிவப்புத் தாள். அன்று எனக்கு வேலை நாள். கைபேசியைக் கணினிக்குப் பின்னால் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் சத்தமில்லாமல் அழுதேன். சரியாக அந்த நேரத்தில் யாரோ அச்சுப்பொறியில் காகிதம் இல்லை என்று வந்து கேட்டார்கள்.

2023-ல் ஈஸ்ட் கில்பிரைடில் பிளேஸ்போர்ட் அரீனா. 1947-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட, கிளாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஊர். கடைசியில் இந்தக் குடும்பம் தன் வீட்டில் பால் காய்ச்சியது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பருவத்தில் ஐரோப்பா கோப்பையிலும் ஆடினார்கள். ஆனால் 2024 கோடையில் கால்கீழ்த் தரையே ஆடியது. லீக்கில் 45 சதவீதப் பங்கு வைத்திருந்த 777 பார்ட்னர்ஸ் என்ற மயாமி நிறுவனம் நிலைகுலைய, பி.பி.எல்.லின் உரிமமே பறிக்கப்பட்டது. கிளப்புகள் ஒன்றுசேர்ந்து சூப்பர் லீக் என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. வீடு கிடைத்தது, தெரு போய்விட்டது. அந்தக் கோடை முழுக்க நான் 1989-ஐ நினைத்துக்கொண்டே இருந்தேன். அக்டோபரில் ஈஸ்ட் கில்பிரைட் போகும் ரயிலில் கிளாடியேட்டர்ஸ் கழுத்துத்துணி கட்டிய இரண்டு பையன்களைப் பார்த்த பிறகுதான் நிம்மதி வந்தது.

எங்கள் சிறுவர் அணிக்கும் இடப்பிரச்சினை உண்டு. ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பயிற்சி. தேர்வுக் காலம் வந்தால் கூடம் முழுக்க மேசை நாற்காலி. அப்போது பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் பந்தைத் தட்டிப் பழகுவார்கள். பயிற்சியாளர் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, அதுதான் கூடைப்பலகை என்பார். ஒருத்தியும் வராமல் இருந்ததில்லை.

போன மாதம் ஃபைஃப் பக்கத்தில் ஓர் ஆட்டம். மேசையில் நான்தான். மூன்றாவது கால்பகுதி, சிவப்புப் பேனா. வலது மூலையிலிருந்து என் மகள் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு எழும்பி உள்ளே விழுந்தது. அவளுடைய முதல் மூன்று புள்ளி. மேசையில் இருப்பவர் கைதட்டக் கூடாது. எட்டு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. பதினொரு புள்ளியில் தோற்றோம். தாள்களைப் பிரித்து மஞ்சளை எங்கள் பயிற்சியாளரிடம் கொடுத்தேன்.

காரில் ஏறும் முன் அவள் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அடித்தாளில் சிவப்பும் நீலமும் தெரியாது, எல்லாம் ஒரே மங்கிய நீலம். விரலால் வரிசை வரிசையாக இறங்கிப் போய்க் கோணல் வட்டத்தைக் கண்டுபிடித்தாள். கோப்பில் வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை மறக்காமல் கொண்டுவா என்றார் பயிற்சியாளர். இரண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. தாள் இன்னும் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.